'ஃபெட்டிஷ்' நிழற்படங்கள்: ஒரு பெயரீட்டுச் சிக்கல்

பாரிஸ் நகரில் 1910க்கும் 1940க்கும் இடைப்பட்ட காலத்தில் எடுத்து விற்கப்பட்ட ஒருவகை நிழற்படங்கள் இன்று ஏலக் கூடங்களிலும் நிழற்பட வரலாற்று நூல்களிலும் 'ஃபெட்டிஷ் நிழற்படங்கள்' எனக் குறிக்கப்படுகின்றன. பெரும்பாலும் அஞ்சலட்டை அளவினவான இப்படங்களில் ஒரு பெண்ணோ இருவரோ வரைந்த திரைச்சீலையின் முன்போ எளிய நாற்காலி ஒன்றின் அருகிலோ நிற்பர். பார்ப்பவர் கண் சென்று தங்க வேண்டிய இடமாகப் படம் பிடித்தவர் கருதியது அப்பெண்ணின் முகத்தையோ உடலையோ அன்று. முழங்கால்வரை கயிறிட்டுக் கட்டிய உயர்குதிப் பூட்ஸ், முழங்கைக்கு மேலேறும் கையுறை, இடையை இறுக்கும் கோர்செட், தோல் வார், சவுக்கு ஆகியவற்றுள் ஒன்றே அவ்விடம். ஒளியமைப்பும் உடல் நிற்கும் நிலையும் அதற்கேற்பவே அமைகின்றன. இவற்றுள் பலவற்றில் ஆடை குறைவாக இல்லை, மிகுதியாகவே உள்ளது. ஆடை களைதலை மையமாகக் கொண்ட அக்காலத்துப் பொதுவான பாலுணர்வுப் படங்களிலிருந்து இவ்வகையைப் பிரித்தறிய இதுவே போதுமான அடையாளம்.

இப்படங்களைப் பற்றித் தமிழில் எழுத அல்லது மொழிபெயர்க்க முற்படுபவர் தலைப்பிலேயே தடைப்படுவார். 'ஆபாசப் படம்' என்பதா, 'வக்கிரப் படம்' என்பதா, அல்லது ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து விடுவதா? காட்சியகக் குறிப்பு, நூலகப் பட்டியல், உளவியல் கலைச்சொல் அகராதி, நீதிமன்ற ஆவணம் ஆகிய நான்கிலும் இச்சொல் தேவைப்படலாம். இடத்திற்கேற்பப் படத்தில் நிற்கும் பெண் கூலிக்கு உழைத்தவர் ஆகிறார், ஒரு நோயின் குறி ஆகிறார், குற்றத்தின் சான்று ஆகிறார். எந்தச் சொல் இடப்படுகிறதோ அச்சொல்லே இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்துவிடுகிறது. ஆதலின் இதனை வெறும் கலைச்சொல் ஆக்கச் சிக்கலாகக் கொள்ளுதல் போதாது.

படங்கள் பிறந்த சூழல்

நிழற்படக் கலை தோன்றிய சில ஆண்டுகளிலேயே பாரிஸில் ஆடையற்ற உருவங்கள் படமாக்கப்பட்டன. அவை ஓவியர்க்கும் சிற்பியர்க்கும் உதவும் பயிற்சிப் படங்கள் என்னும் பொருள்பட 'அக்காடெமி' என்ற பெயரில் விற்கப்பட்டன. ஓவியம் பயிலாதவரும் அவற்றை வாங்கினர் என்பதை விற்றவரும் அறிவர், காவல் துறையும் அறியும். பெயர் ஒன்றாகவும் பயன் வேறாகவும் இருத்தல் இவ்வணிகத்தில் தொடக்கம் முதலே உண்டு. அஞ்சலட்டை பரவிய 1900களில் அளவு மட்டும் அஞ்சலட்டையினுடையதாயிற்று; இப்படங்களைத் திறந்த அஞ்சலில் அனுப்புதல் இயலாது. ஆங்கிலேயர் இவற்றைப் 'பிரெஞ்சு அஞ்சலட்டை' என்று வழங்கியது, தமக்கு ஒவ்வாததை அயல்நாட்டின் பெயரால் சுட்டும் பழைய வழக்கத்தின் பாற்பட்டது.

இவ்வகைப் படங்களில் பெயர் பெற்ற நிலையங்கள் சில. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி 1940களின் தொடக்கம் வரை இயங்கிய ஈவா ரிஷார் என்பது கணவனும் மனைவியும் நடத்திய உள்ளாடை நிறுவனம். மனைவி நதீவா தாமே பல படங்களில் தோன்றினார். லெயோன் விடால் நடத்திய டயானா சிலிப் என்னும் நிறுவனமும் உள்ளாடை விற்பனையையே அடிப்படையாகக் கொண்டது. பின்னாளில் பெரும்புகழ் எய்திய பிரஸ்ஸாய் 1930களில் அந்நிறுவனத்திற்குப் படம் எடுத்துத் தந்தார். 1887இல் மொராவியாவில் பிறந்து, முதல் உலகப் போருக்கு முன்பே பாரிஸ் வந்த ஷாக் பீடரர், தம் உடன்பிறந்தார் ஷார்லுடன் சேர்ந்து நடத்திய நிலையம் மிகுதியான படங்களை வெளியிட்டது. யூதரான அவர் 1942இல் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். அட்லாண்டிக்கின் மறுகரையில், 1930களின் நியூயார்க்கில், சார்லஸ் கையெட் இத்தகைய ஆடைகளையும் படங்களையும் விற்றார். அமெரிக்காவில் இத்தகைய பொருள்களை அஞ்சலில் அனுப்புதலை 1873ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம் தடுத்திருந்தது.

விற்கப்பட்ட பொருள் எது என்பது நோக்கத்தக்கது. ஈவா ரிஷாரும் டயானா சிலிப்பும் விற்றவை ஆடைகள். படம் அவற்றின் விளம்பரமாகத் தொடங்கிப் பின் தானே ஒரு சரக்காயிற்று. ஆகவே பொருளை மையமாக்குதல் என்பது வாங்குபவரின் உளநிலையிலிருந்து மட்டும் பிறந்ததாகாது. விலைப்பட்டியலின் இலக்கணமும் அதுவே.

இன்னொரு செய்தியும் உண்டு. 1908ஐ ஒட்டிப் பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரே முதலியோர் இடையிறுக்காத ஆடைகளைப் புகுத்தினர். 1920களில் இளம்பெண்களின் அன்றாட உடையிலிருந்து பழைய இறுக்கமான கோர்செட் பெரிதும் நீங்கியது. கயிறிட்ட உயர் பூட்ஸும் அவ்வாறே. எனவே 1920களின் படங்களில் வேட்கைக்குரியனவாகக் காட்டப்படும் பொருள்கள் பல, அப்படங்களை வாங்கிய நடுவயதினரின் இளமைக் காலத்தில் தாயரும் அத்தையரும் உடுத்த சாதாரண உடைகளே. வழக்கு வீழ்ந்த சொல் செய்யுளில் தனிச்சுவை பெறுவது போன்றதே இது எனலாம்.

விற்றவர் சொல், மருத்துவர் சொல்

இப்படங்களுடன் தொடர்புடைய மக்கள் தம் வேட்கையை எச்சொல்லால் குறித்தனர்? இங்கிலாந்தில் 1860களின் இறுதியில் இல்லத்தரசியர்க்கான மாத இதழ் ஒன்றில் கோர்செட் இறுக்குதல் பற்றிய வாசகர் கடிதங்கள் தொடர்ந்து வெளிவந்தன. 1920களிலும் 1930களிலும் 'லண்டன் லைஃப்' இதழின் கடிதப் பகுதி இம்மரபைத் தொடர்ந்து, குதியின் உயரம், இடையின் அளவு ஆகியவற்றை அங்குலக் கணக்கில் பேசியது. அக்கடிதங்களில் ஆளப்படும் மொழி பொருளின் பெயரும் அளவும் கைவினைச் சொல்லும் நிறைந்தது. நோயின் பெயருக்கு அங்கு இடமில்லை. 'இறுக்கிக் கட்டுதல்' என்ற எளிய தொழிற்சொல் அறிந்தார்க்கு ஒரு பொருளும் அறியாதார்க்கு வேறு பொருளும் தந்து நின்றது. நன்னூலார் தகுதி வழக்கினுள் வைத்த குழூஉக்குறிக்கு இதனினும் பொருத்தமான மேலை எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மருத்துவரின் மொழி வேறு. ரிச்சர்ட் ஃபான் கிராஃப்ட்-எபிங் 1886இல் வெளியிட்ட பாலியல் உளநோய் நூலில் வெளிப்படையான பகுதிகள் செருமானியத்தில் எழுதப்படாது இலத்தீனில் எழுதப்பட்டன. கற்ற மருத்துவரன்றிப் பிறர் படித்தல் கூடாது என்பது கருத்து. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்விடங்களை இலத்தீனிலேயே விட்டது. இது இடக்கரடக்கல், ஆனால் தமிழ் மரபின் இடக்கரடக்கலிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. தொல்காப்பியர் கூறும் அவையல் கிளவியை மறைத்துச் சொல்லுதல், அவையில் உள்ள அனைவர்க்கும் பொருள் விளங்கவே செய்யப்படுவது. இலத்தீன் மறைப்போ அவையையே இரண்டாகப் பிரிப்பது. இன்றைய தமிழில் உடலுறுப்புகளுக்கும் புணர்ச்சிக்கும் மருத்துவ நூல்கள் வடசொற்களையே நாடுவது இவற்றுள் எதனைச் சாரும் என்பது தனியே ஆராயத்தக்கது.

'ஃபெட்டிஷ்' என்பதைக் காமத்திற்கு உரிய சொல்லாக நிலைநிறுத்தியவர் ஆல்ஃபிரட் பினே. பின்னாளில் அறிவுத்திறன் அளவீட்டால் உலகறிந்த பெயர் அவருடையது. 1887இல் வெளிவந்த கட்டுரையில் அவர், எல்லாக் காதலிலும் இக்கூறு சிறிதளவு உண்டு என்றும், பகுதி முழுமையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதே அது தனி நிலையாகிறது என்றும் கருதினார். கிராஃப்ட்-எபிங் தம் நூலின் பிந்தைய பதிப்புகளில் இச்சொல்லை ஏற்றுக்கொண்டார். படங்கள் விற்பனையான காலத்தில் சொல் இருந்தது. ஆயினும் அது பெரிதும் மருத்துவ மனையின் சொல்லாகவே இருந்தது. பின்வந்த சேகரிப்பாளரும் வரலாற்றாசிரியரும் அதனைப் படங்களின்மீது ஏற்றினர். எனவே 'ஃபெட்டிஷ் நிழற்படம்' என்று ஒரு பிரெஞ்சுப் படத்தைக் குறிப்பவர் விற்றவரின் சொல்லைப் பெயர்க்கவில்லை. பிற்காலத்தார் இட்ட பெயரையே பெயர்க்கிறார். மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டைக் குறிப்பில் காட்டுதல் நன்று.

சொல்லின் பயணம்

மூலம் இலத்தீன். 'செய்யப்பட்டது' என்னும் பொருளுடைய அடைச்சொல் போர்த்துக்கீசியத்தில் 'ஃபெயித்தீசு' என்றாகி, செய்வினை, மந்திரம், மந்திரித்த பொருள் என்னும் பொருள்களைப் பெற்றது. தமிழில் 'செய்வினை' என்பதே மாந்திரிகத்தைக் குறித்தல் இங்கு ஒப்பிடத்தக்கது. இரு மொழிகளும் தனித்தனியே 'செய்' என்னும் வேரிலிருந்து சூனியத்திற்கு வந்து சேர்ந்துள்ளன. போர்த்துக்கீசியரால் அலமாரியும் சாவியும் சன்னலும் தமிழுக்கு வந்தன. இச்சொல் வந்து நிலைபெறவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலோ அது வணிகரின் கலப்பு மொழியில் இடம்பெற்றது. ஆப்பிரிக்கர் போற்றிய பொருள்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயராகிப் பிற ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்தது. 1760இல் ஷார்ல் த பிரோஸ் இதனைச் சமயத்தின் தொடக்க நிலையைக் குறிக்கும் பொதுச்சொல்லாக்கினார். 1867இல் மார்க்ஸ், மனிதர்க்கு இடையிலான உறவு பண்டங்களுக்கு இடையிலான உறவாகத் தோன்றுதலை விளக்க இதனை எடுத்தாண்டார். அதன்பின் பினே.

இப்பயணத்தில் ஒரு கூறு மாறவே இல்லை. ஒவ்வோர் இடத்திலும் இச்சொல், பேசுபவர் தம்மைக் குறிக்கப் பயன்படுத்தாது, பிறரைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல்லாகவே இருந்துள்ளது. பிறர் ஒரு பொருளுக்கு அளவிறந்த ஆற்றலை ஏற்றுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு அதன் பொருளுக்குள்ளேயே அமைந்துள்ளது.

மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் சுவை தரும் சான்று பிராய்டின் 1927ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளது. ஓர் இளைஞருக்கு வேட்கையின் பொருள் 'மூக்கின்மேல் மினுக்கம்'. மினுக்கத்திற்குச் செருமானியச் சொல் 'கிளான்ட்ஸ்'. அவர் குழந்தைப் பருவத்தை ஆங்கிலம் பேசிய சூழலில் கழித்து, பின் செருமனிக்கு வந்து, முதன்மொழியை ஏறத்தாழ முற்றும் மறந்தவர். ஆங்கிலத்தில் 'கிளான்ஸ்' என்பது பார்வை. மூக்கின்மீது செலுத்திய பார்வையே, மொழி மாறியபோது ஒலி ஒப்புமையால் மூக்கின் மினுக்கமாயிற்று என்பது பிராய்டின் விளக்கம். உளப்பகுப்பாய்வை ஏற்பினும் ஏலாவிடினும், மொழிக் கடப்பின் ஒரு பிழை வேட்கையின் பொருளாக நின்றுவிட்டது என்று சொல்லும் இவ்விளக்கம் மொழியியலார்க்குப் புறக்கணிக்கத்தக்கதன்று. தமிழில் பெயர்ப்போர் இவ்விரு சொற்களையும் ஒலிபெயர்த்தே தருதல் வேண்டும். மினுக்கம், பார்வை எனப் பொருளை மட்டும் தந்தால் எடுத்துக்காட்டே அழிந்துவிடும்.

தமிழில் உள்ள தெரிவுகள்

வழக்கில் முதலில் நிற்பது 'வக்கிரம்'. வடமொழியில் வளைந்தது என்னும் பொருளுடையது. சோதிடத்தில் கோள் பின்னோக்கிச் செல்வதுபோல் தோன்றுதல் வக்கிரம். அதில் இழிவு இல்லை. வடமொழி அணியிலாரிடம் வளைந்த கூற்று பாராட்டுக்குரியது. ஆயினும் இன்றைய தமிழ் இதழ்களில் இச்சொல் தீர்ப்பாகவே வழங்குகிறது. நேர்வழி ஒன்று உண்டு, அதிலிருந்து இது விலகிற்று என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. பினேயின் கருத்தோ அந்நேர்வழியிலேயே இக்கூறு உண்டு என்பது. பினேயை 'வக்கிரம்' என்று பெயர்ப்பது அவர் சொன்னதற்கு மாறானதை அவர் வாயில் வைப்பதாகும்.

'ஆபாசம்' சற்று வேறுபட்ட சொல். மூலத்தில் அது தோற்றம், போலித் தோற்றம். தகாத இடத்துச் செல்லும் சுவையைச் சுவைப்போலி என்று வடமொழிக் கவிதையியல் கூறும்போது வருவதும் இச்சொல்லே. நிழற்படமும் ஒரு தோற்றமே என்பதால் பழம்பொருளில் இது பொருந்தக்கூடும். ஆனால் இன்று அது சட்டத்தின் சொல். ஆய்வின் சொல்லாக மீட்க இயலாது.

'பொருட்காமம்' என்ற ஆக்கம் நேரானதுபோல் தோன்றும். இடர் 'பொருள்' என்பதில் உள்ளது. அறம், பொருள், இன்பம் என்னும் பகுப்பில் வேரூன்றிய மொழியில் 'பொருள்' முன்னே நிற்கக் 'காமம்' பின்னே வந்தால், படிப்பவர் செல்வத்தின்மேற் கொண்ட பேராசை என்றே முதலில் கொள்வர். வள்ளுவர் ஆளும் 'பொருட்பெண்டிர்' விலைமகளிரைக் குறித்தலை நோக்கின் இக்குழப்பம் இன்னும் மிகும். படத்தில் நின்ற பெண்ணின்மீதே அச்சொல்லின் நிழல் விழும். 'மோகம்' சினிமா மோகம், ஆங்கில மோகம் என்று தேய்ந்துவிட்டது. 'பதிலிப்பொருள்' என்பது கல்விசார் எழுத்துக்கு ஏற்றதாயினும், பொருள் வேறொன்றின் இடத்தில் நிற்கிறது என்னும் பிராய்டின் கோட்பாட்டை உடன்கொண்டு வருகிறது. பிராய்டை மொழிபெயர்க்கும்போது அது தகும். பினேக்கும் படங்களுக்கும் தகாது.

ஒலிபெயர்ப்பு நடுநிலையானது என்பர். ஆய்தமும் கிரந்த எழுத்தும் கொண்ட 'ஃபெட்டிஷ்' வேற்றுமை உருபை ஏற்கும். ஆனால் வினையாகாது, அதனின்று ஆட்பெயர் எளிதில் பிறவாது. கருவியற்ற கலைச்சொல்லாக அது நின்றுவிடும். நடுநிலை என்பதும் முழு உண்மையன்று. அயற்சொல் ஆதலின், இவ்வுணர்வு அயலார்க்கே உரியது என்னும் எண்ணத்தையும் அது விதைக்கிறது.

தொகைச் சிக்கல் இவற்றினும் நுட்பமானது. ஆங்கிலத்தில் இரு பெயர்கள் அடுத்து நிற்கும், உறவு சொல்லப்படாது. தமிழிலும் 'வக்கிரப் படம்' தொகையே. எனினும் படிப்பவர் அதனை விரித்தே உணர்வர். வக்கிரமாகிய படமா, வக்கிரத்தைக் காட்டும் படமா, வக்கிரம் உடையாரை நோக்கி எடுக்கப்பட்ட படமா? மூன்றாவதே வரலாற்றுக்கு ஒத்தது. அது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆனால் இயல்பான வாசிப்பு முதலதற்கே செல்கிறது. வேட்கை வாங்குபவருடையது. நாள் கூலிக்கு நின்ற பெண்ணிடம் அவ்வேட்கை இருந்ததாகக் கொள்ளச் சான்று எதுவும் படத்தில் இல்லை. தொகை இவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

இக்காரணங்களால் 'சார்பொருள் வேட்கை' என்னும் ஆக்கம் ஆராயத்தக்கது. 'வேட்கை' அகப்பொருள் மரபில் காதலின் படிநிலைகளுள் ஒன்று; நோயையோ குற்றத்தையோ சுட்டாது. 'சார்பொருள்' வினைத்தொகை. சார்பெழுத்து என்பதில் சார்வது எழுத்து ஆதலின் இங்கும் சார்வது பொருள் என்று மயங்கக் கூடும் என்ற தடை எழலாம். வினைத்தொகை வினைமுதலை மட்டுமே கொள்ள வேண்டும் என்பதில்லை. உண்கலம் என்பதில் உண்பது கலமன்று. வேட்கை சாரும் பொருள் சார்பொருள். படவகையைக் குறிக்க 'சார்பொருள் வேட்கையர்க்கான நிழற்படம்' என்று விரித்தே எழுதலாம். நீளமானது என்பது உண்மை. நான்காம் வேற்றுமை அங்கு வெளிப்பட நிற்பதால் வேட்கை யாருடையது என்பது தெளிவாகிறது. அத்தெளிவுக்கு இந்நீளம் மிகையாகாது. மானிடவியலிலும் பொருளியலிலும் இதே சொல்லைக் கொண்டு செல்லல் வேண்டா. அங்கு மந்திரப்பொருள், பண்ட வழிபாடு என்பன போன்ற தனிச்சொற்கள் இருத்தலே நலம். மூலமொழியில் ஒரு சொல்லாய் இருத்தல் தமிழிலும் ஒரு சொல்லாக்குதற்குக் காரணம் ஆகாது.

படக்குறிப்பு

பெயரீட்டின் விளைவு மிகுதியாகத் தெரிவது படக்குறிப்பில். அல்ஜீரியாவில் 1900 முதல் 1930 வரை பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட பெண்கள் அஞ்சலட்டைகளை மாலெக் அல்லூலா 1981இல் ஒரு நூலில் ஆராய்ந்தார். ஒரே பெண் ஒரே உடையில் வெவ்வேறு அட்டைகளில் வெவ்வேறு இனத்தவராக, வெவ்வேறு வட்டாரத்தவராகப் பெயரிடப்பட்டிருப்பதை அந்நூல் காட்டுகிறது. அப்பெண்கள் நிலையத்தில் கூலிக்கு நின்றவர்கள். அங்கே படம் பொய்யுரைத்ததைவிட அதன் அடியில் அச்சிட்ட ஒரு வரியே மிகுதியாகப் பொய்யுரைத்தது. அதனை மாற்றமின்றித் தமிழில் பெயர்ப்பவர் அப்பொய்யையும் பெயர்த்தவராவார்.

பொருள்களின் பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். கோர்செட்டைக் 'கச்சு' என்று பெயர்ப்பது எளிது. ஆனால் கச்சு மார்பைக் கட்டுவது, கோர்செட் திமிங்கிலத் தாடைத் தகடோ எஃகோ வைத்துத் தைத்து இடையை இறுக்குவது. கச்சு என்றவுடன் காப்பியத் தலைவி பாரிஸ் நிலையத்தில் வந்து நின்றுவிடுகிறாள். 'இடையிறுக்கி' செய்தியைச் சொல்லும். அல்லது 'கோர்செட்' என்றே விடலாம். பூட்ஸ், கையுறை, காலுறை ஆகியவற்றுக்கு இவ்விடர் இல்லை.

இந்தியச் சூழலில் படக்குறிப்புக்குச் சட்டத் தொடர்பும் உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 292ஆம் பிரிவு, ஆபாச வெளியீடுகள் பற்றிய 1923ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையை அடுத்து 1925இல் மாற்றி எழுதப்பட்டது. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் பொருட்டுப் பொதுநலம் கருதி வெளியிடப்படுவனவற்றுக்கு 1969இல் விலக்கு விரிவாக்கப்பட்டது. 1964இல் உச்ச நீதிமன்றம் 1868ஆம் ஆண்டின் ஆங்கில அளவுகோலையே பின்பற்றியது. 2014இல் ஒரு நிழற்படம் பற்றிய வழக்கில் அது அந்த அளவுகோலைக் கைவிட்டது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஆடையின்றித் தோன்றிய அப்படத்தை, அதனுடன் வந்த நிறவெறி எதிர்ப்புச் செய்தியோடு சேர்த்தே நோக்க வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. 2024 சூலை 1 முதல் இப்பொருள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவில் உள்ளது. படத்தோடு நிற்கும் எழுத்து தீர்ப்பில் எண்ணப்படும் பொருளாயிற்று என்பதே மொழிபெயர்ப்பாளர் இங்குக் கொள்ள வேண்டிய செய்தி.

ஆகவே குறிப்பில் முதலில் வரவேண்டுவன, படத்தில் காணப்படுவதும் எடுத்த நிலையமும் இடமும் காலமும்: 'உயர்குதிப் பூட்ஸும் நீண்ட கையுறையும் அணிந்து நாற்காலியருகே நிற்கும் பெண், பீடரர் நிலையம், பாரிஸ், 1920களின் பிற்பகுதி.' வகைப்பெயர் அதன்பின், அது பிற்காலத்தார் இட்டது என்னும் விளக்கத்துடன் வரலாம். அட்டையில் விற்றவர் எண் இருந்தால் அதனையும் உள்ளவாறே தருக. அப்பெண்ணின் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. 'பெயர் பதிவாகவில்லை' என்று ஓர் உள்ளீடு இடுதல் பட்டியலாளர் கடன். அவ்விடத்தை வகைப்பெயரைக் கொண்டு நிரப்புதல் கூடாது.